இன்னும் ஒரு மணி நேரம் சேர்க்க வேணாம்மா, இருக்குற நேரத்துல என்ன நடக்குதுன்னு முதல்ல பாரு

தங்கச்சி, உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். காலேஜ் செகண்ட் இயர், 400 மீட்டர் ஓடுற, காலைல 5.30ல இருந்து 7, சாயங்காலம் 4.30ல இருந்து 6.30, வாரத்துல ஆறு நாள். அப்படியும் போன மாச மீட்ல (போட்டில) 62.3 செகண்ட்ல அஞ்சாவதா வந்த, கடைசி 80 மீட்டர்ல கால் கட்டிக்கிச்சு, வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் தூக்கம் இல்ல, "இன்னும் நல்லா ஓடிருக்கலாமே"ன்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதனால இனி ராத்திரியும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கட்டுமான்னு கேக்குற. வேணாம்மா. ஏன் வேணாம்னு கொஞ்சம் நீளமா சொல்றேன், நானும் 400 ஓடுனவதான், இப்ப பாளையங்கோட்டைப் பக்கம் பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன், உன் இடத்துல நான் நின்னுருக்கேன்.

நீ எழுதுன கணக்குலயே பதில் இருக்கு. வாரத்துக்கு மூணு நாள் 300 மீட்டர் ஆறு தடவ, நடுவுல 2 நிமிஷம் ரெஸ்ட், ஒவ்வொண்ணும் 52 செகண்ட்னு எழுதிருக்க. 300 மீட்டர் 52 செகண்ட்னா 400க்கு எவ்வளவு வருதுன்னு போட்டுப் பாரு, 69 செகண்ட். அப்ப வாரத்துல மூணு நாள் உன் காலுக்கு நீ பழக்குறது 69 செகண்ட் ஓட்டம். மீட்ல அப்பா எடுத்த வீடியோல முதல் 200 எவ்வளவுன்னு போட்ருக்க? 27.2. அதே வேகத்துல கடைசி வரைக்கும் போனா 400 மீட்டர் 54 செகண்ட்ல முடியும். 69ல பழகிட்டு 54ல கெளம்புனா அந்த கால் என்னம்மா பண்ணும், முதல் 200ல இருக்குறத எல்லாம் குடுத்துட்டு அடுத்த 200 மீட்டர 35.1ல இழுத்துட்டு வந்துருக்கு. அது உழைப்பு கொறஞ்சதால வந்தது இல்ல. அந்த ரேஸுக்குள்ள வர்ற வேகத்த நீ பிராக்டிஸ்ல ஒரு நாளும் தொட்டதே இல்ல, அதான் விஷயம். இதுக்கு மேல ராத்திரி ஒரு மணி நேரம் சேர்த்தா அந்த 69ஐ இன்னும் நல்லா பழகுவ, அவ்வளவுதான்.

கடைசி 100ல வேகம் கொறையிறது எல்லாருக்கும் நடக்கும், அத முதல்ல மனசுல வச்சுக்கோ. தென்னாப்பிரிக்காவோட வேட் வான் நீகெர்க் 2016 ரியோ ஒலிம்பிக்ல 43.03 ஓடி உலக சாதனை பண்ணாரு, 17 வருஷமா நின்ன மைக்கேல் ஜான்சனோட 43.18ஐ உடச்ச ஓட்டம், அதுல கூட அவரோட கடைசி 100 மீட்டர் 12 செகண்ட் பக்கம், நடுவுல 10க்கும் கீழ ஓடுன மனுஷன். தசைக்குள்ள சேமிச்சு வச்சுருக்குற உடனடி எனர்ஜி ஏழெட்டு செகண்ட்ல தீந்துரும், அப்புறம் உடம்பு சர்க்கரைய எரிச்சு ஓட்டுது, அதுல அமிலம் ஏறுது, கால் சொன்ன பேச்ச கேக்காது. 400ல ஜெயிக்கிறவங்க கடைசில வேகமா வர்றாங்கன்னு பாக்குறவங்களுக்கு தெரியும், உண்மைல அவங்க மத்தவங்கள விட கம்மியா மெதுவாகுறாங்க.

சரி, உனக்கு என்ன பண்ணணும். உன் 200 பெஸ்ட் 26.5. அப்ப 400ல முதல் 200, அதவிட ஒண்ணுல இருந்து ரெண்டு செகண்ட் மெதுவா இருக்கணும், உன்ன மாதிரி இப்பதான் பிடிபடுறவங்களுக்கு ரெண்டு செகண்ட்னே வச்சுக்கலாம், 28.5. மீதி 200 மீட்டர் 31.5ல வந்தா 60. இந்த 28.5ஐ எப்படி காலுக்கு சொல்லிக் குடுக்குறதுங்குறதுதான் இனி உன் பிராக்டிஸ்.

எங்க கிரவுண்டுல பண்றத சொல்றேன். மண் டிராக்தான், 50 மீட்டருக்கு ஒரு கோன் வைப்பேன், கோன் பத்தலன்னா செருப்பு வைப்போம். ஓடி வந்து முதல் கோன தாண்டுறப்ப நான் வாட்ச அமுக்குவேன், சரியா 7 செகண்டுக்கு ஒரு விசில். விசில் அடிக்கும்போது அடுத்த கோன் பக்கத்துல இருக்கணும். முதல் ரெண்டு நாள் எல்லா பிள்ளைங்களும் விசிலுக்கு முன்னாடியே கோன தாண்டிப் போயிருங்க, அதுங்களுக்கு 7 செகண்ட் ரொம்ப மெதுவா தெரியும். ரெண்டு வாரம் கழிச்சு விசில நிறுத்திட்டு வேற ஒண்ணு பண்ணுவேன், ஓடி முடிச்சதும் நான் வாட்ச கைக்குள்ள மூடிக்குவேன், நேரம் என்னன்னு நீ முதல்ல சொல்லு, அப்புறம் காட்டுறேன்னு சொல்லிருவேன். பத்தாங்கிளாஸ் பிள்ள ஒண்ணு, முதல் நாள் "ஏழுக்கா"ன்னுச்சு, வாட்ச்ல 6.2. அழுற மாதிரி ஆயிருச்சு மூஞ்சி. தினமும் நாலு தடவ கேட்டேன், வேற எதுவும் மாத்தல. மூணாவது வாரம் அது சொல்றதுக்கும் வாட்ச்ல இருக்குறதுக்கும் 0.2 செகண்ட் கூட வித்தியாசம் இல்ல. அந்தப் பிள்ளைக்கு மீட்ல பக்கத்து லேன்ல ஒருத்தி பறந்து போனப்ப கூட போகணும்னு தோணல, அவ வேகமா போறாங்குறது அதுக்கு தெரிஞ்சுருச்சு. 300ல இந்தப் பிள்ள அவள பிடிச்சுது.

இந்த வேகத்துல ஓடுறப்ப ரெஸ்ட் முழுசா குடுக்கணும், இதுல யாரும் உன்ன சோம்பேறின்னு சொன்னா காதுல வாங்காத. முழு வேக ஓட்டத்துக்கு 10 மீட்டருக்கு ஒரு நிமிஷம்னு ஒரு கணக்கு பல கோச்சுங்க வச்சுருக்காங்க, 30 மீட்டர் முழுசா அடிச்சா 3 நிமிஷம், 60 அடிச்சா 6 நிமிஷம் நடக்கணும், உக்காரணும். ரெஸ்ட கொறச்சா மூச்சு வாங்கும், வேர்க்கும், இன்னைக்கு நல்லா உழைச்சோம்னு திருப்தியா இருக்கும், ஆனா வேகம் போயிரும், அன்னைக்கு நீ வந்தது வேகத்துக்காகன்னா அந்த நாளே வீண். கடைசி 100ஓட வலிய பழகுறதுக்கு தனியா ஒரு நாள் வச்சுக்கலாம். 300 மீட்டர ரேஸ் வேகத்துல ஓடு, சரியா ஒரு நிமிஷம் நில்லு, உடனே 100 மீட்டர். அப்புறம் 12 நிமிஷம் ரெஸ்ட், இன்னொரு தடவ அதே. அவ்வளவுதான், வீட்டுக்குப் போ. வாரத்துக்கு ஒரு தடவ போதும், அந்த 100 மீட்டர்ல தோள் தூக்காம, கை முன்னாடி போக, முகம் இறுகாம ஓட முடியுதான்னு மட்டும் பாரு.

எங்க பிள்ளைங்கள ஒரு நாள் நோட்டு வச்சுட்டு உக்காந்து பாத்தேன், யார்கிட்டயும் சொல்லாம. ஒரு பிள்ள ரெண்டு மணி நேரம் கிரவுண்டுல இருந்துச்சு. ரெண்டு லேப் ஜாகிங் பேசிக்கிட்டே, ஸ்ட்ரெச்சிங் அரை மணி நேரம் பேசிக்கிட்டே, கால் வச்சு கெளம்புற ஸ்டார்ட்டிங் பிளாக் ஒரே செட்டுங்குறதால அதுக்கு வரிசைல 20 நிமிஷம், அப்புறம் ஓட்டம், அதுல எத்தனாவது ஓட்டம் எதுக்குன்னு கேட்டா அதுக்கு தெரியல, "அக்கா சொன்னீங்க, ஓடுனேன்"னுச்சு. தப்பு என் மேலதான், நான் சொல்லலையே. அன்னைல இருந்து கிரவுண்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் நோட்டுல ஒரு வரி எழுதணும், இன்னைக்கு நான் எதுக்கு வந்தேன்னு. "பிளாக்ல இருந்து முதல் அஞ்சு ஸ்டெப் தலை குனிஞ்சே வரணும்", இவ்வளவு சின்னதா இருக்கணும். "நல்லா ஓடணும்"னு எழுதுனா திருப்பிக் குடுத்துருவேன். போறப்ப ரெண்டாவது வரி, நடந்துச்சா இல்லையா. நீயும் இத எழுது, உன் கோச் கேக்கலன்னாலும் எழுது. ஒரு மாசம் கழிச்சு புரட்டிப் பாத்தா உனக்கே தெரியும் எந்த நாள் உருப்படியா போச்சு, எந்த நாள் வெறும் வேர்வைன்னு.

இப்ப வருத்தத்தப் பத்தி. நம்ம நாட்டு 400 மீட்டர் கதையே வருத்தத்துலதான் இருக்கு. 1960 ரோம்ல மில்கா சிங் நாலாவதா வந்தாரு, அன்னைக்கு கையால அமுக்குன வாட்ச் கணக்குல அவருக்கு 45.6, வெண்கலம் வாங்குன மால்கம் ஸ்பென்ஸுக்கு 45.5. முதல்ல வேகமா போயிட்டு 250 மீட்டர் பக்கம் கொஞ்சம் அடக்கிட்டேன், பக்கத்துல யார் வர்றாங்கன்னு பாத்துட்டேன்னு அவரே பின்னாடி எத்தனையோ தடவ சொன்னாரு. 2021ல சாகுற வரைக்கும் அவர் மனச விட்டு அது போகல. 1984 லாஸ் ஏஞ்சலஸ் 400 மீட்டர் ஹர்டில்ஸ்ல பி.டி. உஷாவுக்கு 55.42, வெண்கலம் வாங்குன ருமேனியா பொண்ணுக்கு 55.41. நூத்துல ஒரு பங்கு செகண்ட். அன்னைக்கு ஸ்டார்ட் ஒரு தடவ ரத்தாகி திரும்ப நிக்க வேண்டி வந்துச்சு. கோட்டுல நெஞ்ச முன்னாடி தள்ளாததப் பத்தி அவங்களே வருத்தப்பட்டுருக்காங்க. இவங்க ரெண்டு பேரும் உழைக்காதவங்களா? இந்த நாட்டுல அவங்க அளவுக்கு உழைச்சவங்கள விரல் விட்டு எண்ணலாம். அவங்க மனசுல நின்னது உழைப்பு இல்ல, ஒரு ரொம்ப சின்ன விஷயம்.

அந்த சின்ன விஷயத்த பிராக்டிஸ்ல பாரேன். உன் கிரவுண்டுல நாளைக்கு கவனி, கோட்டுக்கு 4 மீட்டர் முன்னாடியே எல்லாரும் உடம்ப நிமித்தி வேகத்த விட்டுருவாங்க. வாரத்துக்கு நாப்பது தடவ அப்படி முடிக்கிற உடம்பு மீட்ல மட்டும் எப்படி நெஞ்ச குடுக்கும்? நாங்க கோட்டுக்கு 5 மீட்டர் தாண்டி ஒரு கோன் வச்சுருக்கோம், அத தொடாம நின்னா அந்த ஓட்டம் கணக்குல சேராது.

சின்ன விஷயத்துக்கு நேரம் ஒதுக்குனா என்ன கெடைக்கும்னு பாக்கணும்னா ஜப்பான் ரிலே டீம பாரு. 2016 ரியோல 4x100ல வெள்ளி, 37.60, அந்த நாலு பேர்ல ஒருத்தர் கூட அதுவரைக்கும் 100 மீட்டர 10 செகண்டுக்குள்ள ஓடுனது இல்ல. பேட்டன (கைமாத்துற குச்சிய) கீழ இருந்து குடுக்குற முறைய வருஷக்கணக்கா தேய்ச்சு தேய்ச்சு பழகுனாங்க, ஜமைக்காவ தவிர அவங்கள விட வேகமா ஓடுறவங்க இருந்த டீமெல்லாம் பின்னாடி போச்சு. அதே ஜப்பான் 2021ல சொந்த ஊர் டோக்கியோ ஃபைனல்ல முதல் மாத்துலயே பேட்டன் கை சேராம நின்னுருச்சு. இதையும் சேர்த்துதான் சொல்லணும், ஏன்னா எல்லாம் சரியா பண்ணாலும் தோக்கலாம். தங்கத்துக்காக மாத்துற இடத்துல ரொம்ப நெருக்கமா முயற்சி பண்ணாங்க, கை எட்டல. வலிக்கும்தான், ஆனா தூக்கத்த கெடுக்குற அந்த "பண்ணிருக்கலாமே" வேற, இது வேற.

மீட்ல என்னெல்லாம் தப்பாகும்னு முன்னாடியே பழகிக்கறதும் பிராக்டிஸ்தான், இத நம்ம ஊர்ல யாரும் பண்றது இல்ல. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கு 200 மீட்டர் பட்டர்ஃப்ளைல கண்ணாடிக்குள்ள தண்ணி ஏறிருச்சு, கண்ணு தெரியல, கை வீச்ச எண்ணிக்கிட்டே போய் சுவர தொட்டாரு, 1:52.03, தங்கம், உலக சாதனை. அவரோட கோச் பாப் பௌமன் வருஷங்களுக்கு முன்னாடியே இந்த மாதிரி கஷ்டத்த எல்லாம் பிராக்டிஸ்லயே குடுத்துப் பழக்கிருந்தாரு, ஒரு தடவ வேணும்னே அவரோட கண்ணாடிய மிதிச்சு உடச்சுருக்காரு. நமக்கு கண்ணாடி இல்ல, வேற இருக்கு. பத்து மணிக்குன்னு சொன்ன ரேஸ் ரெண்டு மணிக்கு நடக்கும், நடுவுல சாப்பிடலாமா கூடாதான்னு குழப்பம். கால் ரூம்ல, அதான் ரேஸுக்கு முன்னாடி பேர் கூப்பிட்டு சேத்து வைக்கிற ரூம்ல, அரை மணி நேரம் உக்கார வச்சுருவாங்க, வார்ம் அப் பண்ணதெல்லாம் ஆறிப் போயிரும். பிளாக் ஆடும். ஐப்பசி மழைல டிராக்ல தண்ணி நிக்கும். எட்டாவது லேன் விழும், முன்னாடி யாருமே தெரிய மாட்டாங்க, இதுக்கு அழுத பிள்ளைங்கள பாத்துருக்கேன், மேல சொன்ன வான் நீகெர்க் சாதனை பண்ணது எட்டாவது லேன்லதான். அதனால மாசத்துக்கு ஒரு நாள் வார்ம் அப் முடிச்சதும் எல்லாரையும் 25 நிமிஷம் திண்ணைல உக்கார வச்சுட்டு, உக்காந்த இடத்துலயே உடம்ப சூடா வச்சுக்கங்கன்னு விட்டுட்டு, திடீர்னு கூப்பிட்டு 300 ஓட விடுவேன். லேன் சீட்டு குலுக்கி எடுக்கணும். நீயும் ரெண்டு ஃபிரெண்டோட இத பண்ணிக்கலாம்.

பொண்ணுங்கறதால இன்னும் ரெண்டு விஷயம், கூச்சப்படாம கேட்டுக்கோ. பீரியட்ஸ் தேதிய அந்த நோட்டுலயே குறி, எந்த நாள்ல உடம்பு கனமா இருக்கு, எப்ப லேசா இருக்குன்னு மூணு நாலு மாசத்துல உனக்கே பிடிபடும், மீட் அன்னைக்கு வந்துருச்சேன்னு பதற மாட்ட, ஏன்னா அந்த நாள்லயும் நீ ஓடிப் பாத்துருப்ப. இன்னொண்ணு, ஒரு தடவ ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாரு. ஹீமோகுளோபின் 12க்கு கீழ இருந்தா அது ரத்த சோகை. எங்க பிள்ள ஒண்ணு ஆறு மாசமா மெதுவாகிட்டே வந்துச்சு, நான் கூட பரீட்சை டென்ஷன்னு நெனச்சேன், பாத்தா 9.4. டாக்டர் மாத்திரை குடுத்து, முருங்கைக்கீரையும் கடலையும் வீட்டுல சேர்த்து, மூணு மாசத்துல பழைய பிள்ளையா ஆயிருச்சு. அந்த ஆறு மாசம் அது எவ்வளவு தன்னையே திட்டிருக்கும் சொல்லு. தூக்கமும் அப்படித்தான், ராத்திரி 12 வரைக்கும் ரெக்கார்ட் எழுதிட்டு காலைல 5 மணிக்கு எந்திரிச்சு ஓடுறேன்னு நீ பெருமையா எழுதிருக்க, அந்த மாதிரி நாள்ல காலைப் பயிற்சிய விட்டுட்டு தூங்கு. ஓடுறப்ப உடம்பு கெட்டிப்படாது, ஓடி முடிச்சு தூங்குறப்பதான் கெட்டிப்படும்.

கடைசியா என் கதை. காலேஜ் கடைசி வருஷம், யுனிவர்சிட்டி மீட்டுக்கு அஞ்சு நாள் இருக்கு. சார் பயிற்சிய பாதியா கொறச்சுட்டாரு, அது சரியான வழிதான், பெரிய மீட்டுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்பவே ஓடுற அளவ பாதியாக்கி, வேகத்த மட்டும் விடாம வச்சுக்கணும், அப்பதான் கால் புதுசாகும். எனக்கு அது புரியல. சும்மா இருக்குற மாதிரி இருந்துச்சு, பயம். சார் சைக்கிள்ல கேட்ட தாண்டுற வரைக்கும் ஷூ லேஸ் கட்டுற மாதிரி உக்காந்துருந்துட்டு, இருட்டுற நேரத்துல தனியா நாலு 300 அடிச்சேன், உயிர குடுத்து. மறுநாளும் அதே. மீட்ல ஹீட்ஸ் (முதல் சுற்று) எப்படியோ தாண்டிட்டேன், ஃபைனல்ல 250 தாண்டுனதும் கால் கட்டை மாதிரி ஆயிருச்சு, ஹீட்ஸ விட ஒரு செகண்ட் மெதுவா வந்தேன். "என்னம்மா ஆச்சு"ன்னு சார் கேட்டாரு, தெரியல சார்னு சொல்லிட்டேன். பதினோரு வருஷம் கழிச்சு அவர் வீட்டுக்கு பத்திரிகை வைக்கப் போனப்பதான் உண்மைய சொன்னேன். திட்டல. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பயமா இருக்குன்னு ஒரு வார்த்த என்கிட்ட சொல்லிருக்கலாமேம்மா"ன்னாரு. நீ ராத்திரி ஒரு மணி நேரம் சேர்க்கட்டுமான்னு கேட்டப்ப எனக்கு அந்த சைக்கிள்தான் ஞாபகம் வந்துச்சு. அது பயம்மா. உன் கோச்சுகிட்ட போய் பயமா இருக்குன்னு சொல்லு, அந்த 27.2ஐயும் 35.1ஐயும் காட்டு, அவரு கோவப்பட மாட்டாரு.

நாளைக்கு சாயங்காலம் வேற எதுவும் மாத்த வேணாம். 50 மீட்டர் தள்ளித் தள்ளி ரெண்டு கோன் வை, ஃபிரெண்டு கைல வாட்ச குடு, ஓடி வந்து 50 மீட்டருக்கு 7 செகண்ட், நாலு தடவ, நடுவுல 5 நிமிஷம் நட. ஒவ்வொரு தடவயும் வாட்ச பாக்குறதுக்கு முன்னாடி நீ நெனச்ச நேரத்த சொல்லு, அவள ரெண்டு நம்பரையும் எழுதச் சொல்லு. அந்த எட்டு நம்பரையும் எனக்கு அனுப்பு, அடுத்த வாரத்துக்கு எத்தன மீட்டர் வரைக்கும் நீட்டலாம்னு அத பாத்துட்டு சொல்றேன்.